ஏழு மீட்டர் என்று எழுதியிருந்த எலும்பு

ஷூவுக்காக வெட்டிய தோல் துண்டு எதையாவது தனகோடியின் கையில் கொடுத்தால், அது எத்தனையாம் நம்பர் ஷூவுக்கானது என்று சொல்லிவிடுவாள். விரல்களை மூடும் முன்துண்டோ, குதிகாலைச் சுற்றி வரும் பின்துண்டோ, நாக்குத் துண்டோ, எதுவாக இருந்தாலும் சரி. ஆம்பூரில் துத்திப்பட்டுப் பக்கம் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பத்தொன்பது வயதில் பசை தடவும் மேசையில் உட்கார்ந்தவள், பிறகு தோல் வெட்டும் பிரிவுக்குப் போனாள். இப்போது சாம்பிள் ரூமில் இருக்கிறாள்.

சாம்பிள் ரூமில் அவள் வேலை அளவு ஏற்றுவது. வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் ஒரே ஒரு நம்பருக்குத்தான் மாதிரி அனுப்புவார்கள். பெரும்பாலும் முப்பத்தேழு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டு வரை எல்லா நம்பருக்கும் வடிவம் எடுக்க வேண்டும். நம்பர் ஒன்று கூடினால் நீளம் ஆறரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏறும். சுற்றளவு ஐந்து ஏறும். கயிறு கோக்கிற ஓட்டை மட்டும் ஏறாது, முப்பத்தைந்துக்கும் நாற்பத்திரண்டுக்கும் ஓட்டை ஒன்றுதான். இப்போதெல்லாம் கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. போட்டது சரியா என்று பார்ப்பது தனகோடி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், மகள் தமிழினிக்கு யூனிஃபார்ம் துணி எடுக்க வேலூருக்குப் போயிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு கல்லூரி வாசலில் அறிவியல் கண்காட்சி என்று பேனர் கட்டியிருந்தது. தமிழினி கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே ஃபேன் ஓடும் என்ற நினைப்பில் தனகோடியும் போனாள்.

கடைசி மேசையில் ஒரு எலும்பு இருந்தது. எலும்பின் நகல், பிளாஸ்டிக்கில் வார்த்தது. முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை அவள் கை எவ்வளவோ அவ்வளவு நீளம். பக்கத்தில் ஒரு அட்டை. அரியலூர்ப் பக்கம் பாறையில் கிடைத்தது, மாமிசம் தின்ற டைனோசரின் பாத எலும்பு, கணுக்காலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருப்பது, விலங்கின் நீளம் ஏழு மீட்டர், எடை ஒன்றரை டன் என்று எழுதியிருந்தது.

தனகோடி அந்த மேசையை விட்டு நகரவில்லை. மீதி எலும்பெல்லாம் எங்கே என்று அங்கே நின்ற மாணவனிடம் கேட்டாள். இது ஒன்றுதான் கிடைத்தது என்றான். பிறகு ஏழு மீட்டர் என்று எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டாள். விஞ்ஞானிகள் சொன்னது என்றான் அவன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவன் ஒல்லியாக, பொறுமையாக இருந்தான். இந்த நகலை அனுப்பிய ஆராய்ச்சியாளரின் நம்பர் இருக்கிறது, வேண்டுமானால் கேளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். பெயர் பாரதி, திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம்.

மூன்று நாள் அந்தத் தாள் அவள் பையில் கிடந்தது. பத்தாவது வரை படித்தவள், ஷூ கம்பெனியில் வேலை செய்பவள், டைனோசரைப் பற்றிக் கேட்க ஒரு டாக்டர் பட்டக்காரருக்குப் போன் போட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். ஆனால் வேலை செய்யும்போதெல்லாம் அந்த எலும்பு ஞாபகத்துக்கு வந்தது. முன்துண்டை வைத்து முழு ஷூவைச் சொல்ல அவளால் முடியும் என்றால், அதற்குக் காரணம் முழு ஷூ எப்படி இருக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். இங்கே முழு விலங்கை யாருமே பார்த்ததில்லையே. நான்காம் நாள் மதிய இடைவேளையில், கேன்டீனுக்குப் பின்னால் இருந்த வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு போன் செய்தாள்.

பாரதி சிரிக்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் முதலில் விசாரித்தாள். பிறகு சொன்னாள். தென் அமெரிக்காவில் இந்த விலங்குக்குச் சொந்தக்கார விலங்கு ஒன்று ஏறக்குறைய முழுதாகக் கிடைத்திருக்கிறது. அதில் இதே பாத எலும்பு எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு நீளம் என்று தெரியும். அந்த விகிதத்தில் இதைப் பெருக்கிப் பார்த்தால் ஏழு மீட்டர் வருகிறது.

தனகோடிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவள் தினமும் செய்கிற வேலைதான் அது. அதனாலேயே அடுத்த கேள்வியும் வந்தது.

"எல்லா எலும்பும் ஒரே மாதிரியா ஏறுது மேடம்? எங்க ஷூவுல ஏறாது. நீளம் ஒரு கணக்கு, சுத்தளவு ஒரு கணக்கு. சிலது ஏறவே ஏறாது."



"ஏறாது," என்றாள் பாரதி. "அதுதான் எங்களுக்கும் பெரிய தலைவலி."

அன்றிலிருந்து தனகோடிக்கு ஒரு வேலை கூடிவிட்டது. யாரும் கொடுக்காத வேலை.

எடையில்தான் ஆரம்பித்தாள். சாம்பிள் ரூமில் ஷூவை எடைபோடும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஷூவை மாட்டித் தைப்பதற்கு லாஸ்ட் என்று ஒன்று உண்டு, காலின் வடிவத்திலேயே வார்த்த கனமான பிளாஸ்டிக் அச்சு. முப்பத்தாறாம் நம்பர் லாஸ்டைத் தூக்கி வைத்தாள். நானூற்று அறுபது கிராம். நாற்பத்திரண்டை வைத்தாள். அறுநூற்றுத் தொண்ணூறு. கையிலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் பெரியது சின்னதைவிட நான்கு சென்டிமீட்டர் நீளந்தான் அதிகம். நீளம் ஆறில் ஒரு பங்கு கூடினால் எடை ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. இத்தனை வருஷம் இரண்டையும் தூக்கியவளுக்கு இது தோன்றியதே இல்லை. அப்படியென்றால் நீளத்தில் ஒரு சின்னத் தப்பு நடந்தால், எடை எங்கேயோ போய்விடும்.

சாம்பிள் ரூம் பொறுப்பாளர் நவநீதன், தராசில் ஏன் வெறும் லாஸ்ட் ஏறுகிறது என்று வந்து கேட்டார். விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளையும் தராசையும் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குள் இத்தாலிக்காரன் சாம்பிள் முடிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டைனோசரின் சொந்தக்காரர்களில் இன்றும் உயிரோடு இருப்பவை பறவைகள் என்று பாரதி ஒருநாள் சொன்னாள். பாதத்தின் நீளத்தைப் போல நான்கு மடங்கு இடுப்பின் உயரம் என்று ஒரு குத்துமதிப்பு இருக்கிறதாம், கால்தடம் மட்டும் கிடைத்தால் அதை வைத்துச் சொல்வார்களாம். மறுநாள் வேலை விட்டதும் தனகோடி நேராக அஃப்ரோஸின் கோழிக்கடைக்குப் போனாள். பஜார் தெருவில் அவன் கடை. தமிழினி பிறந்ததிலிருந்து அங்கேதான் கறி வாங்குகிறாள். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. கறி வேண்டாம், கோழியின் காலை அளக்க வேண்டும் என்றதும் அஃப்ரோஸ் கத்தியைக் கீழே வைத்தான்.

"இன்னாக்கா, கோழிக்கு ஷூ தைக்கப் போறியா?"

காரணத்தைச் சொன்னபோது அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது. ஒரு நாட்டுக்கோழியையும் ஒரு பிராய்லரையும் பிடித்துக் கொடுத்தான். இரண்டுக்கும் பாதம் ஒரே நீளமாக இருந்தது, ஏழரை சென்டிமீட்டர். தராசில் வைத்தார்கள். நாட்டுக்கோழி ஒரு கிலோ முந்நூறு கிராம், பிராய்லர் இரண்டு கிலோ நானூறு. தனகோடி தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே பாதம், ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. பிறகு துணி அளக்கும் டேப்பைக் காலின் தண்டைச் சுற்றிப் பிடித்தாள். நாட்டுக்கோழியின் கால் மூன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர், பிராய்லரின் கால் நான்கு புள்ளி எட்டு. எடை பாதத்தின் நீளத்தில் தெரியவில்லை, காலின் பருமனில் தெரிந்தது.

"இது ஜாஸ்தி வெயிட்டுதான். ஆனா இன்னும் குஞ்சுக்கா," என்றான் அஃப்ரோஸ், பிராய்லரைக் கூண்டில் விட்டுக்கொண்டே. "நாப்பது நாள் கூட ஆவல. அந்த நாட்டுக்கோழிக்கு ஒன்றரை வருஷம்."

வீட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் தனகோடிக்கு அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்ப ஓடியது. குஞ்சு. அரியலூர் விலங்குக்கு என்ன வயது என்று அந்த அட்டையில் எழுதவே இல்லை.

பாரதியிடம் கோழிக் கணக்கைச் சொன்னாள். பாரதிக்கு ரொம்பச் சந்தோஷம். பிராய்லர் மனிதன் அவசரப்படுத்தி வளர்த்தது, அதன் காலே அதன் உடம்பைத் தாங்கத் திணறுகிறது, அதனால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்றாள். ஆனால் நீங்கள் கண்டுபிடித்தது சரி, எடைக்கு நாங்கள் பார்ப்பதும் தொடை எலும்பின் சுற்றளவைத்தான், அரியலூரில் தொடை எலும்பு கிடைக்கவில்லை, ஆகவே அந்த ஒன்றரை டன் ஊகத்தின் மேல் இன்னொரு ஊகம் என்று ஒளிக்காமல் சொன்னாள். அப்படியானால் அட்டையில் ஏன் அவ்வளவு உறுதியாக எழுதியிருந்தது என்று தனகோடி கேட்டாள். கட்டுரையில் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்றுதான் எழுதியிருந்தோம், அட்டை எழுதியவர்கள் நடுவில் ஒரு நம்பரை எடுத்துக்கொண்டார்கள் என்றாள் பாரதி.

எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்பதைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று தனகோடிக்குத் தோன்றியது. அடுத்த வாரம் முழுதும் மதிய இடைவேளையில், சாப்பிட்டு முடித்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, அட்டை மேல் நிற்க வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். சுவரில் ஒட்டிய டேப்பில் உயரம் குறித்தாள். மொத்தம் நாற்பத்தாறு பேர். முதலில் யூனியன் விவகாரமோ என்று சந்தேகப்பட்ட நவநீதன், நான்காம் நாள் தானே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். பெண்கள் கணக்கு மட்டும்தான் என்று சொல்லியும் கேட்கவில்லை.

தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இருபத்து மூன்றரை சென்டிமீட்டர் பாதம் உள்ளவர்கள் ஒன்பது பேர். அவர்களில் குட்டையானவள் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர், உயரமானவள் நூற்று அறுபத்தொன்று. ஒரே பாதத்துக்குள் பதினான்கு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. எல்லாரும் வளர்ந்து முடித்த பெண்கள், ஒரே ஊர்ப் பக்கத்துப் பெண்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. ஒருநாள் காலையில் தனகோடி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் அவள் செருப்பைக் காணவில்லை. தமிழினி போட்டுக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்ததும் திட்ட வாயெடுத்த தனகோடி, குனிந்து மகளின் காலையே பார்த்தாள். செருப்பு பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. கச்சிதமாக இருந்தது. போன வருஷம் அதே செருப்பில் அவள் கால் நீந்தியது. வேலைக்கு நேரமாகிறது என்று பார்க்காமல் உள்ளே கூட்டிப்போய் அளந்தாள். தமிழினியின் பாதம் அம்மா பாதத்துக்கு ஒரு நூல் கூடக் குறையவில்லை, இருபத்து மூன்றரை. உயரம் நூற்று நாற்பத்தொன்றுதான். அம்மாவின் தாடை வரைக்கும் வருவாள், அவ்வளவே.

கணவன் கோபி ஜோலார்பேட்டையில் ரயில்வே தண்டவாள வேலை பார்ப்பவன். அன்று அவனுக்கு லீவு. டீ குடித்துக்கொண்டே இதைப் பார்த்தவன், பிள்ளைகளுக்குக் கால்தான் முதலில் வளரும், உடம்பு பின்னால் வரும், இது தெரியாதா என்றான்.

தெரிந்ததுதான். ஆனால் இதற்கு முன் அதை ஒரு டைனோசரோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. தமிழினியின் செருப்பு மட்டும் யாருக்காவது கிடைத்தால், அவளை அம்மா அளவுக்கு உயரம் என்றுதானே எழுதுவார்கள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே பாரதிக்குப் போன் செய்தாள். வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பாரதி படிக்கட்டில் நின்று கேட்டாள்.

"அந்த விலங்கு வளர்ந்து முடிச்சதான்னு யாராச்சும் பாத்தீங்களா மேடம்?" என்றாள் தனகோடி. "சின்னதா இருந்தா, கால் மட்டும் பெருசா இருக்கும். உடம்பு ஏழு மீட்டர் இருக்காது."

"பாக்கல," என்றாள் பாரதி. "பாக்கணும்னு ரெண்டு வருஷமா நெனச்சிட்டே இருக்கேன். எலும்பை வெட்டணும். இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதனால யாருக்கும் மனசு வரல."

மரத்தில் வளையம் இருப்பது போல இந்த விலங்குகளின் எலும்பிலும் வருஷத்துக்கு ஒரு கோடு விழும் என்று அவள் விளக்கினாள். வளர்கிற வயதில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி அதிகம். வளர்ச்சி நின்றபின் வெளி ஓரத்தில் கோடுகள் நெருக்கி நெருக்கி விழும். எலும்பின் நடுவிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து, மெலிசாகத் தேய்த்து, அடியிலிருந்து வெளிச்சம் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். அசல் எலும்பு அரசாங்கக் காப்பகத்தில் இருக்கிறது, வெட்ட அனுமதி கேட்க வேண்டும். கேட்கிறேன் என்றாள்.

அனுமதிக்கு ஆறு மாதம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை பாரதி ஆம்பூருக்கே வந்தாள். நேரில் பார்த்தபோதுதான், தன்னைவிடப் பத்து வயது சின்னவளை இத்தனை நாள் மேடம் மேடம் என்று கூப்பிட்டிருக்கிறோம் என்பது தனகோடிக்குத் தெரிந்தது. அப்புறமும் மேடம் என்றுதான் கூப்பிட்டாள். பாரதி லாஸ்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு முன்துண்டு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்திரண்டுக்கு விரிவதை மூன்று முறை போட்டுக் காட்டச் சொன்னாள். தன் மாணவர்களுக்குக் காட்ட அந்த நாற்பத்தாறு பேர் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெயர்களை எடுத்துவிட்டுத்தான் தனகோடி கொடுத்தாள்.

பிறகு மதிய இடைவேளையில் லாரி நிற்கும் முற்றத்தில் இருவரும் சாக்பீஸால் அந்த விலங்கை வரைந்தார்கள். முதலில் ஏழு மீட்டருக்கு. மூக்கிலிருந்து வால் நுனி வரை போட்டதும் கேன்டீன் கூட்டம் முழுக்க வந்துவிட்டது. அதற்குள்ளேயே பாரதி இன்னொன்று போட்டாள், ஐந்து மீட்டருக்கு. பாதத்தை மட்டும் மாற்றாமல் விட்டாள். இரண்டாவது உருவம் பார்க்க வேடிக்கையாக இருந்தது, பெரிய காலும் ஒடிசலான உடம்புமாக. இது வளர்கிற வயதுப் பிள்ளை மாதிரியே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். தனகோடி இரண்டு வால் நுனிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நின்று பார்த்தாள். அவள் இரண்டு கையையும் விரித்தும் இடம் மிச்சமிருந்தது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை முடிவு வந்தது. தனகோடி அப்போது ஒரு பூட்ஸ் வடிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நவநீதன் வெளியே போய்ப் பேசிவிட்டு வரும்படி கையால் காட்டினார்.

துண்டில் ஆறு கோடு தெரிந்தது என்றாள் பாரதி. ஆறும் தள்ளித் தள்ளித்தான் இருந்தன. வெளி ஓரத்தில் நெருக்கம் இல்லை. சாகும்போது அது நன்றாக வளர்ந்துகொண்டிருந்த விலங்கு. உள்ளே முதல் ஒன்றிரண்டு கோடுகள் அழிந்துபோயிருக்கலாம், ஆகவே ஏழு வயதோ எட்டு வயதோ இருக்கும். நீளம் நான்கரை மீட்டருக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ. ஏழு இல்லை.

தனகோடி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் செத்த ஒன்று, முழுசாக வளராமலே செத்ததே என்பதாலா, தான் நினைத்தது சரியாக வந்ததே என்பதாலா. பிறகு கேட்டாள்.

"அது உசுரோட இருந்து வளந்திருந்தா எவ்ளோ ஆயிருக்கும்?"

"தெரியல," என்றாள் பாரதி. "ஒரு வேளை ஏழுக்கு மேலயே போயிருக்கும். இன்னொரு எலும்பு கெடைச்சாத்தான் சொல்ல முடியும்."

தெரியவில்லை என்று ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்று மாலை தமிழினியிடம் அதை அப்படியே சொன்னாள். தமிழினிக்கு அதற்குள் உயரம் நூற்று நாற்பத்தெட்டு ஆகியிருந்தது. பாதம் அதே இருபத்து மூன்றரையில் நின்றுவிட்டது. இரண்டையும் மாதாமாதம் கதவுக்குப் பின்னால் எழுதி வருகிறார்கள்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோபியும் சேர்ந்து மூவரும் வேலூர்ப் பக்கம் உள்ள அமிர்திக் காட்டுக்குப் போனார்கள். அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. ஓடைக்கரையில் ஈர மணலில் மூன்று விரல் தடம் ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. தனகோடி குந்தி உட்கார்ந்து டேப்பை வைத்தாள். பன்னிரண்டு சென்டிமீட்டர். இடுப்பு உயரம் என்ன என்று தமிழினி கேட்டாள். நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றாள் தனகோடி. ஒரே நம்பராகச் சொல்லச் சொன்னாள் மகள்.

"ஒரே நம்பரா வராதுடி. குஞ்சோ பெருசோ, யாரு கண்டா."

சத்தம் போடாமல் பாறை மறைவில் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் கழித்து எதிர்க்கரைப் புதரிலிருந்து ஒரு பெண் மயில் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மணலில் நடந்து இந்தப் பக்கம் வந்தது. அதே மாதிரித் தடத்தைப் பதித்துக்கொண்டே வந்தது. ஓடிப்போய் டேப் பிடித்துவிட்டு வா என்று கோபி கிண்டல் செய்தான். செய்தவனே அது கடந்துபோன ஒரு கல்லைக் கவனித்து வைத்திருந்தான். அந்தக் கல்லின் தலைக்குச் சரியாக அதன் இடுப்பு வந்தது என்றான். மயில் போன பின் தமிழினி ஓடிப்போய்க் கல்லை அளந்தாள். நாற்பத்து நான்கு என்று கத்தினாள்.

தனகோடி கைப்பையிலிருந்த நோட்டில் பன்னிரண்டு என்றும், எதிரே நாற்பத்து நான்கு என்றும், அதற்குப் பக்கத்தில் கல்லை வைத்து என்றும் எழுதினாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு, அடுத்த தடம் எங்கே இருக்கிறது என்று ஓடைக்கரையோரமாக மேல்பக்கம் நடந்தாள்.